ஆர்முடுகல்

பரீட்சைக் கட்டணம் பவுணில் என்பதால்
அப்பா என் கல்குலேட்டரை வாங்கிப் பெருக்கினார்.
ஹட்டன் கடைக்குச் சீமெந்து வராத மாதம்.
இன்னொருமுறை பெருக்கினார்,
விடை மாறிவிடும் என்பது போல.

பச்சை பிளேசரை மடித்து வைத்துவிட்டு
அடுத்த கிழமை வெள்ளைச் சீருடையில் போனேன்.
படித்த கணிதமும் கூடவே வந்தது.
இங்கே அதற்கு வேறு பெயர்.

வெக்டர் இங்கே காவி.
எதைக் காவுகிறது என்று கேட்டேன்.
"திசையை" என்றாள் பக்கத்து வாங்கில் கிருஷாலினி,
கொப்பியிலிருந்து தலை நிமிராமல்.
நோர்வூட்டுக்கும் அப்பாலிருந்து
இரண்டு பஸ் மாறி வருபவள்.
வேகம் கூடினால் ஆர்முடுகல்,
குறைந்தால் அமர்முடுகல்.
சொல்லிப் பார்த்தபோது என் நாக்கு
கொட்டகலை வளைவில் கியர் மாற்றியது.

அங்கே g என்றால் ஒன்பது தசம் எட்டு.
இங்கே g என்பது g தான்,
கடைசி வரியிலும்.
எண்ணே இல்லாத கணக்குகள்.
அமத்திப் பார்க்க ஒரு பொத்தானும் இல்லை.
விடையை முதலிலேயே சொல்லிவிட்டு
"எனக் காட்டுக" என்கிறார்கள்,
அதுவரை நீயே நடந்து வா என்று.
முதல் தவணை முழுக்க
என் இடது கை மேசை ஓரத்தைத் தடவியது,
சூத்திரக் கையேடு கிடந்த இடத்தை.
கிருஷாலினி அவற்றையெல்லாம்
பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டே நிறுவுவாள்.

பழைய வகுப்பிலேயே நின்ற ஷிஹான்
மே மாதம் எழுதினான். புள்ளி பிடிக்கவில்லை.
அந்தப் பகுதியை மட்டும் ஒக்டோபரில் திரும்ப எழுதினான்.
எங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை.
அதுவும் தள்ளிப்போனது.
பிறகும் தள்ளிப்போனது.

ஒரு ஞாயிறு, பேக்கரி மாடியில் மூன்று பிளேன்டீ.
எங்கள் தாளில் ஒரு வினாவை
நான் ஆங்கிலமாக்கிச் சொல்லச் சொல்ல
ஷிஹான் எழுதினான்:
ஒப்பமான கப்பி, இலேசான நீளா இழை,
ஓய்விலிருந்து விடப்படும் துணிக்கை.
முக்கால் மணி நேரம் போனது.
"இதுக்கு எத்தனை புள்ளி?"
நூற்றைம்பது.
"எங்கட முழுத் தாளே எழுபத்தஞ்சுதானே!"

பிறகு அவன் தாள் எங்கள் பக்கம் வந்தது.
கிருஷாலினி சரசரவென்று இறங்கினாள்,
கல்குலேட்டரைத் தொடவே இல்லை.
கடைசி உறுப்பில் நின்றுவிட்டாள்.
இந்த மாதிரியின் குறைபாடு ஒன்றைக் கூறுக.
இரண்டு புள்ளி.

"குறையா? கணக்குலயா?"
நான் தலையாட்டினேன்.
"இப்பிடியெல்லாம் கேப்பாங்களா?"
தேநீர் ஆடை கட்டும்வரை யோசித்தாள்.
"எங்க மலையில கொழுந்து மூட்டை
கம்பியிலதான் இறங்கும்.
கம்பி தொய்யும்.
கப்பிக்கு எண்ணெ போட்டாலும் கத்தும்,
லயத்துல படுத்தாலும் கேக்கும்.
அத எழுதட்டா?"

முடிவுகள் வந்தன.
ஷிஹானுக்கு A, அதன் தலையில் ஒரு நட்சத்திரம்.
கிருஷாலினிக்கு B.
எனக்கு S.
"எஸ் எண்டா?" என்றான்.
சாதாரண சித்தி.
"யார்ட சித்தி?" என்று சிரித்தான்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.
அந்த நட்சத்திரத்தை இசட் புள்ளியாக்கிப்
பேராதனைக்கு அனுப்ப வழியில்லை.
இப்போது அவன் வாப்பாவும்
பவுணில் பெருக்கிக்கொண்டிருக்கிறார்.

கல்குலேட்டர் கடைக்குப் போய்விட்டது.
சைனும் கொஸ்ஸும் புதிதாகவே இருக்க
கூட்டல் மட்டும் தேய்கிறது.
நான் இரண்டாம் தடவைக்கு விண்ணப்பம் நிரப்பிவிட்டேன்.
நுவரெலியாவுக்கு வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை,
கிருஷாலினி தினமும் கேட்கிறாள்.
நேற்று மட்டும் வேறொன்று கேட்டாள்:
அந்த ரெண்டு புள்ளிக்கு விடை என்ன?

ஷிஹானிடம் கேட்டுச் சொன்னேன்.
இழைக்கு நிறை உண்டு என்றோ
காற்றின் தடை என்றோ எழுதினால் போதுமாம்.
கப்பி கத்துவதற்குப் புள்ளி உண்டா என்று
அவனுக்கும் தெரியவில்லை.