நாலாம் படி

விசுவமடுச் சந்தியிலிருந்து உள்ளே, மூன்றாவது ஒழுங்கை.
கம்பத்தில் ஏணியைச் சாத்தி ஏறும்போதே
நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது.
அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கோடாலியோடு வந்தவர் கத்தவில்லை.
"வயரில கையை வை பாப்பம்" என்றார்,
தேங்காய் விலை கேட்கிற குரலில்.
ஓங்கினார்.
அவருக்குப் பின்னால், கதவு நிலையில்,
கசங்கிய வெள்ளைச் சட்டையோடு ஒரு பிள்ளை
அயன்பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி.

நாலாம் படியில் நின்று
நான் நினைத்தது உயிரை அல்ல.
விழுந்தால் யாருக்கு அறிவிப்பார்கள் என்று.

மேலங்கி முதுகில் சபையின் பெயர்.
சம்பளத் துண்டில் கொழும்பிலுள்ள ஒரு கொம்பனி,
அதன் வாசலைக்கூட நான் கண்டதில்லை.
மோட்டார் சைக்கிள் மட்டும் என்னுடையது,
அதுவும் லீசிங்.

பின்னேரம் சபைக் கந்தோரில் சொன்னார்கள்:
"நீர் எங்கட ஆளில்லைத்தானே தம்பி."
கொம்பனிக்காரன் போனில் கேட்டான்:
"காயம் இருக்கா? காயம் இல்லாட்டி ஒண்டும் செய்யேலாது."

காயம் இருந்தது.
ஏணியில், நாலாம் படிக்குக் கீழே,
ஒரு விரல் ஆழம்.

அதைத் தோளில் வைத்துக்கொண்டு
கிளிநொச்சித் தொழில் அலுவலகத்துக்குப் போனேன்.
காவலாளி மறித்தார்:
"ஏணி உள்ளுக்கு விடேலாது."
"இதுதான் அண்ணை சாட்சி."

படிவத்தில் 'தொழில்தருநர்' என்ற கோட்டில்
பேனை நின்றுவிட்டது.
மேசைக்கு அப்பால் கிருபாலினி மிஸ் கேட்டார்:
"காலமை வீட்டு இலக்கங்களை ஆர் உமக்குத் தாறது?"
சட்டைப் பையில் வியர்வையில் ஊறிய பட்டியல்.
விரித்தேன்.
"தந்தவரும் பதில் சொல்லவேணும்.
தனிய ஏறச் சொன்னவரும்தான்.
சட்டத்தில உமக்கு இடமிருக்கு.
என்ன, கொஞ்சம் ஒடுக்கமான இடம்."

பிறகு, "வெருட்டினவர்ர பெயர்?"

தெரியும். கணக்கு இலக்கத்தோடு தெரியும்.
நிலுவை ஒன்பதாயிரத்து நானூறு.
பிள்ளைக்கு நேற்றுச் சோதனையாம், அதுவும் தெரியும்.
"அவரை விடுங்கோ மிஸ்" என்றேன்.
"கடனை ஆரும் தள்ளுபடி செய்யட்டும்.
கோடாலியைத் தள்ளுபடி செய்ய எனக்கு அதிகாரமில்லை" என்றார்.
விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
அந்தக் கோடு இன்னும் வெறுமை.
மற்றக் கோட்டில் சபையையும் கொம்பனியையும் எழுதி
இடம் போதாமல்
ஓரத்தில் மேற்பார்வையாளரையும் எழுதினேன்.

பதில் வர பதினான்கு நாளாகுமாம்.

இன்றைய பட்டியலில் எட்டாவது
அதே ஒழுங்கை, அதே வீடு.
தாளைத் திருப்பி
இரண்டு பேராக அனுப்பும்வரை ஏறமாட்டேன் என்று எழுதி
திகதியும் கையொப்பமும் போட்டுக் கொடுத்தேன்.
கை நடுங்கியது எழுத்தில் தெரிகிறது.
தெரியட்டும்.