எண் தெளிவில்லை

மேட்டுத்தெரு நாய்களுக்கு
என் பெயர் தவிர எல்லாம் தெரியும்:
பூட்ஸ் சத்தம், வியர்வை, செவ்வாய்க்கிழமை.
மீட்டர்கள் அங்கே வாசலிலேயே,
பச்சை மூடி போட்டு, சுற்றிலும் புல் வெட்டி.
குனிந்தால் முழங்காலில் மண் ஒட்டாது.
ஃபான் ஸைல் விடுதி: தொண்ணூற்றிரண்டு யூனிட்.
கேப் டவுன் விருந்தினர்கள் இன்னும் எழவில்லை.
நீச்சல்குளத்தில் ஒரு ரப்பர் அன்னம் மட்டும்
காற்று தள்ளிய பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பீச் தோட்டங்கள்.
அங்கே எனக்கு வாசிக்க ஒன்றுமில்லை.
ஆறு முதலில் அவர்கள் அணைக்குள் போய்ப்
படுத்து எழுந்து
மனமிருந்தால் கீழே வரும்.
பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறதாம்.
பத்திரம் எழுதிய வருடம்
எங்கள் ஆட்களை யாரும் சாட்சிக்கும் கூப்பிடவில்லை.

ரயில் வராத தண்டவாளம்.
தாண்டினால் தகரக்கூரைகள்.
தோட்டத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி
டிராக்டரில் கொண்டுவந்து இறக்கிய குடும்பங்கள்
இப்போது டவுன்வாசிகள், காகிதத்தில்.
அறுவடை வந்தால் லாரி வரும்;
மறுபடி கிராமத்து ஆட்களாக்கி ஏற்றிப்போகும்.

டொரத்தியா செப்டம்பர், மனை எண் 418.
செப்டம்பர் குடும்பப்பெயர்.
அவள் முன்னோரில் ஒருவனைக்
கப்பலிலிருந்து இறக்கி விற்ற மாதம்.
(நான் ஆப்பொலிஸ். ஏதோ கிரேக்கக் கடவுளாம்,
சிரிக்காதீர்கள்.)
விடுதியில் படுக்கைவிரிப்பு துவைப்பவள் அவள்.
அந்தத் தொண்ணூற்றிரண்டில் பாதி
அவள் கைவழியாகத்தான் போனது.

"எனக்கு எவ்வளவு?" என்றாள்.
ஆறு வரும் இடத்தில் பதினான்கு.
குழாயை இறுக மூடிப் பார்த்தோம்.
சிவப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.
மண்ணுக்குள் எங்கோ கசிவு.
மீட்டருக்கு அந்தப் பக்கம் உடைந்தால் நகராட்சி,
இந்தப் பக்கம் உடைந்தால் டொரத்தியா.
சுவரோரம் ஒரு பூசணிக்கொடி
யாரையும் கேட்காமல் கொழுத்திருந்தது.

முன்பெல்லாம் பென்சில்.
எட்டின் இடப்பக்கத்தை எழுத மறந்தால் மூன்று.
இப்போது போன் கொடுத்திருக்கிறார்கள்,
அதற்கு மறதி கிடையாது.

படமெடுக்கக் குனிந்தேன்.
கண்ணாடி மேல் ஒரு நத்தை,
சரியாகக் கடைசி இரண்டு எண்கள் மேல்.
நான் தொடவில்லை.
டொரத்தியா வானத்தைப் பார்த்தாள்.
'எண் தெளிவில்லை' என்ற பொத்தானை அழுத்தினேன்.
இருவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

கம்பிவேலியைத் தாண்டும்போதுதான் உறைத்தது:
எண் இல்லையென்றால் கணினி சராசரி போடும்.
வார்டு சராசரி.
போன தேர்தலுக்கு முன் கோட்டை மாற்றி வரைந்து
மேட்டுத்தெருவையும் இதையும் ஒரே வார்டாக்கினார்கள்.
கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு.
சராசரி முப்பத்தொன்று.
சராசரியில் இங்கே எல்லார் வீட்டிலும்
கால்வாசி நீச்சல்குளம் இருக்கிறது,
அதில் அன்னத்தின் கழுத்து மட்டும்.

திரும்பி ஓடினேன்.
நத்தையை இரண்டு விரலால் இழுத்தேன்;
அது கண்ணாடியை விடுவதாயில்லை.
"என்ன ஆச்சு?"
"பதினான்குதான் மலிவு."
அவள் ஒன்றும் சொல்லாமல்
பூசணி இலை ஒன்றை நீட்டினாள், நத்தைக்கு.

படம் தெளிவாக விழுந்தது.
எண்களின் குறுக்கே ஈரமாய் ஒரு கோடு,
யாரோ அடித்துவிட்டதுபோல.
கணினி அதைப் பொருட்படுத்தவில்லை.