முடிவுகள் எதுவுமில்லை

வெட்டூர்ணிமடத்தில், பல் மருத்துவமனைக்கு மேலே
எங்கள் அலுவலகம்.
கீழே துளையிடும் ஓசை நின்றால்
மணி ஒன்றரை என்று பொருள்.

குளச்சலில் இருக்கிற ஒரு கடைக்கு
இணையத்தில் நான்தான் வாய்.
தூண்டில், கயிறு, மிதவை, ஐஸ்பெட்டி,
மொத்தம் ஆயிரத்து நூற்றுப் பதினேழு பொருட்கள்.
ஒவ்வொன்றுக்கும் பெயர்க்கட்டம், விலைக்கட்டம்,
விவரத்துக்கு நூற்றறுபது எழுத்து,
படத்துக்கு வெள்ளைப் பின்னணி.
"கடல்ல எதுக்குடே வெள்ளப் பின்னணி?"
படமெடுக்க வந்த பையனிடம் கேட்டார்
கடைக்கார ஜெரோம் அண்ணன்.
கேட்டுவிட்டு, துவைத்த வேட்டியொன்றை
அவரே விரித்தும் கொடுத்தார்.

முதல் மாதம் விற்றது ஒன்பது.
அதில் இரண்டு, சோதித்துப் பார்க்க
நானே வாங்கியது.

தேடல் பெட்டிக்கு ஒரு பின்பக்கம் உண்டு.
யார் எதைத் தட்டினார்கள், என்ன கிடைத்தது,
எல்லாம் அங்கே வந்து கிடக்கும்.
ஒரு சனிக்கிழமை அதைத் திறந்தேன்.

தங்கூசி. முடிவுகள் எதுவுமில்லை.
தங்கூசி. முடிவுகள் எதுவுமில்லை.
தங்குசி, தங்கூஸ், தங்கூசி கட்டி,
தங்கூசி வெலை.
முடிவுகள் எதுவுமில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு முறை
நீரோடியிலிருந்து முட்டம்வரை
ஒரு கரையே வந்து கதவைத் தட்டியிருக்கிறது.
நான் உள்ளே
மோனோஃபிலமென்ட் நைலான் இழை என்று
பலகை எழுதி வைத்துக்கொண்டு
ஆள் வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சொல்கூடவா தெரியாது?
தெரியாதுதான். ஊர் குலசேகரம்,
வீட்டில் ரப்பர் வெட்டு.
கடல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

ஒரு சொல் சேர்க்க நான்கு நொடி.
சேமி. வெளியிடு.
திங்கள் காலையில் அண்ணனின் அழைப்பு:
"பிள்ளே, சைட்டுல என்னமோ கோளாறு,
ஆர்டரா வந்து விழுது."

இன்னொன்று, கூடை.
பொருளை எடுத்துப் போட்டுவிட்டு
பணம் கட்டாமல் போகிறவருக்கு
மென்பொருளில் ஒரு பெயர் இருக்கிறது: கைவிட்டவர்.
ஒரு மணி நேரத்தில் முதல் செய்தி,
மறுநாள் இரண்டாவது,
மூன்றாம் நாள் ஐந்து சதவீதத் தள்ளுபடி.
ஏழாம் நாள் கூடை காலி.
வாக்கியங்கள் என்னுடையவை.
"எதையோ மறந்துவிட்டீர்களே?"
பக்கத்தில் கண்ணடிக்கும் ஒரு மஞ்சள் முகம்.

வள்ளவிளை பனிதாசன்
சூரைத் தூண்டில் நானூறு எடுத்து வைத்து
கைவிட்டவர் ஆனார்.
எல்லாச் செய்தியும் போயிற்று. ஒன்றும் திறக்கப்படவில்லை.
வாடிக்கையாளர் விலகிவிட்டார் என்று
சிவப்பில் காட்டியது திரை.

நாற்பத்தோராம் நாள் இரவு, பதில்:

"மக்கா, போட்டு இன்னைக்குத்தான் கரை அணைஞ்சுது.
உள்ள போனா செல்லு எடுக்காது.
நான் ஒண்ணும் மறக்கல்ல.
நானூறு தூண்டில் வச்சிருந்தேனே,
அத எங்க கொண்டு போனிய?"

தானாகவே நீங்கிவிடும் ஐயா, அது எங்கள்
மென்பொருளின் நடைமுறை என்று
எழுதத் தொடங்கி, அழித்தேன்.
அந்த ஏழு நான் போட்டது.
எங்கோ செருப்பு விற்கிற யாருக்கோ
ஒத்துவந்த எண்.

ஏழு இருந்த கட்டத்தில் அறுபது என்று தட்டினேன்.
மஞ்சள் முகத்தை எடுத்தேன்.
மறந்துவிட்டீர்களே இருந்த இடத்தில்
"கரை வந்ததும் பாருங்க. இங்கதான் இருக்கும்."
எழுத்துகள் நிறைய மிச்சம்.

மாதக் கூட்டத்தில், திரைக்குள்ளிருந்து
பெங்களூர் மேலாளர் கேட்டார்:
கூடைகள் இவ்வளவு நாள் தேங்கலாமா,
வரைபடமே அசிங்கமாக இருக்கிறதே?
"ஆள் கடல்ல இருக்காங்க சார்."
"எத்தனை பேர்?"
"இன்னைக்கு நூத்தியெண்பத்தி மூணு."

அவர் அடுத்த பக்கத்துக்குப் போனார்.
நான் பக்கத்துச் சாளரத்தில்
வானிலை அறிக்கையைத் திறந்தேன்.