ஏறத்தாழ

ப்ரேமனில் மழை.
விமான நிலையத்துக்குப் போகும் டிராம் கடக்கும்போதெல்லாம்
மூன்றாம் மாடிக் கண்ணாடி ஒருமுறை நடுங்கி அடங்கும்.
சுவரில் எங்கள் கலம். இன்னும் வெறும் கோடுகள்.
ஓர் ஆணிகூடக் கிடையாது அதில்,
எடை மட்டும் வந்துவிட்டது:
நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.
ராக்கெட் தூக்குவதோ முந்நூற்று எண்பது.

வீப்கே ஓல்ட்மன்ஸ் எடைக்கணக்குக்காரி.
எட்டு வருஷமாக எங்கள் பொய்களைக் கூட்டிவருகிறவள்.
பதினெட்டு கிலோ பேட்டரியை
நான் இருபத்திரண்டு என்பேன்.
என் குழுத் தலைவர் இருபத்தைந்து ஆக்குவார்.
அவள் விதிப்படி ஐந்தில் ஒரு பங்கு ஏற்றி
முப்பது என்று எழுதுவாள்.
கலத்தில் அதிகக் கனம் பயம்தான்;
அதற்கென்று பட்டியலில் ஒரு வரி கிடையாது.

செவ்வாய்க்கிழமை மாலை. மறு ஆய்வு வியாழன்.
கதவைச் சாத்திவிட்டு
கேன்டீன் ரசீதுகளைத் திருப்பிப் போட்டு நீட்டினாள்.
"பெயர் வேண்டாம். மூன்று எண்கள்.
இதற்குக் கீழே போகாது. இதைத் தாண்டாது.
சொந்தக் காசை வைத்துப் பந்தயம் கட்டினால், எது?"

ஃபோல்கெர்ட் கையால் மறைத்துக்கொண்டு எழுதினான்,
பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குப் பயந்தவன்போல.
ஆண்டெனா இல்ஸாபே மூன்று முறை அடித்துத் திருத்தினாள்.
எனக்குப் பேனா ஓடவில்லை.

நாங்கள் போகிற விண்கல்
ஆறு மணிக்கொருமுறை தன்னைச் சுற்றுகிறதாம்,
பதினொன்றாகவும் இருக்கலாமாம்.
அதன் நிழலில் என் பேட்டரி
எவ்வளவு நேரம் விறைத்துக் கிடக்க வேண்டும்?
அருகில் போய்ப் பார்த்தவர் யாருமில்லை.
பார்க்கத்தானே இந்தக் கலம்.

எழுதினேன்: தெரியாது.

கூட்டிக்கொண்டே போனாள்.
பந்தய எண்கள் எல்லாம் சேர்ந்து
முந்நூற்று இருபத்து மூன்று.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
"அப்போ ஒளிச்சு வச்சது நான் மட்டுமில்லை" என்றான் ஃபோல்கெர்ட்,
ஏதோ ஆறுதல் கிடைத்த குரலில்.

கடைசியாக அந்த ஒரு ரசீது.
முன்பக்கம் உருளைக்கிழங்கு சூப், நாலு யூரோ இருபது.
பின்பக்கம் ஒற்றைச் சொல்.
ஃபோல்கெர்ட் மறுபடி சிரிக்க ஆரம்பித்தான்,
அவள் சிரிக்கவில்லை.
மிச்சமிருந்த ஐம்பத்தேழில்
முப்பத்தைந்து கிலோவை எடுத்து
அந்தச் சொல்லுக்கு நேரே எழுதினாள்.
யாருடையது என்று கேட்கவுமில்லை.

மறுநாள் காலை என் மேசையில் ஒரு காபி.
என் கோணல் எழுத்து
கட்டடத்துக்கே தெரிந்ததுதான்.

"எதைப் பார்த்தால் தெரியும்?"
"கல்லை. சிலியில் இருக்கிற தொலைநோக்கியில்."
"எத்தனை இரவு?"

இம்முறை எதையும் ஏற்றிச் சொல்லவில்லை.
"மூன்று."

எழுதிக்கொண்டாள்.
கொஞ்சம் தள்ளிப் போய், நின்று,
ஜன்னலில் வழிகிற மழையைப் பார்த்தாள்.
"அங்கே மேகம் வந்தால்?"

திரும்பி வந்து
மூன்றுக்கு முன்னால் இருந்த சின்ன இடத்தில்
நெருக்கி எழுதினாள்:
ஏறத்தாழ.