பாதித் திரிகை

உம்மா,
கடுகிலும் சிறிய தானியம் இந்த ஹபஷா நாட்டில்.
அள்ளினால் விரலிடுக்கில் ஓடிவிடும்.
அடுத்த வீட்டு வலத்தா இரவல் தந்த அடிக்கல்லில்
நான் சுமந்துவந்த மேல்கல் பொருந்தவில்லை.
ஏழு மழைக்காலமாய்
ஆடிக்கொண்டேதான் அரைக்கிறது.

திரிகையில் பாதியை எதற்குத் தூக்கிவந்தாய் என்று
கப்பலில் எல்லோரும் சிரித்தார்கள்.
ஷுஐபாத் துறையில் தலைக்கு அரைத் தீனார் வாங்கிய மாலுமி
கல்லுக்குத் தனிக்கூலி கேட்டான்.
காதுவளையத்தைக் கழற்றிக் கொடுத்தேன்.
முழுதாய்த் தூக்க முடியவில்லை உம்மா.
முழுதாய் விட்டுவரவும் முடியவில்லை.

அண்ணன் ஜுதாமா ஒட்டகக் கயிற்றால்
என் காலைத் தூணில் கட்டிய மூன்று நாளும்
நீ என்னோடு பேசவில்லை.
கயிறு திரிகைவரை எட்டும்.
கட்டிக்கிடந்தாலும் மாவு அரைக்கவேண்டுமே.
பேரீச்ச மரத்தில் செதுக்கிய உன் தெய்வத்துக்கு
நெய் தடவிக்கொண்டிருந்தாய்,
முதுகை என் பக்கம் வைத்து.
"சொல்லித் தொலையேன், ஒரு சொல்தானே" என்றாள் சாச்சி.
ஒரு சொல்தான்.
அதை எடுத்துவிட்டால்
மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

நான்காம் இரவு முடிச்சு தளர்ந்திருந்தது.
அல்லாஹ் தளர்த்தினான் என்று
இங்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

தைரியசாலி என்கிறார்கள் என்னை.
தேளுக்குப் பயந்து
செருப்பை உதறி உதறியே வளர்ந்தவள் நான், உனக்குத் தெரியும்.
கடலைக் கண்டதும் முழங்கால் தண்ணீராகிவிட்டது.
அலை பலகையை அறைந்த ஒவ்வொரு தரமும்
தெரிந்த நாலு வசனத்தை முன்பின்னாய்க் குழப்பி ஓதினேன்.
பயம் போகவில்லை.
பயத்தை எங்கே இறக்கிவைப்பது என்று மட்டும் தெரிந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத நான்
எதைக் கேட்டு நம்பினேன் என்று
நீ ஒருநாளும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
எனக்குப் பின்னால் பிறந்தவளை,
பெயர் வைக்குமுன் வாப்பா மணலுக்கு எடுத்துப்போனாரே,
அவளுக்கும் ஒரு வழக்கு உண்டு,
அதைக் கேட்க ஒருவன் இருக்கிறான் என்று
விளக்கில்லாத அறையில் ஒரு பெண் சொல்லக் கேட்டேன்.
பால் கட்டிய மார்பைத் துணியால் இறுக்கிக்கொண்டு
அன்று நீ மாவரைத்தது ஞாபகம் வந்தது.
அவ்வளவுதான்.
அங்கேதான் என் நெற்றி தரையைத் தொட்டது.

நேற்று ஒரு கப்பல் வந்தது.
நீ போய் இரண்டு வருடமாம்.
பழைய தெய்வத்தோடேயே போனாயாம்.
அத்தர் விற்கும் உஸைமா சொன்னாள்.
பிறகு பேச்சோடு பேச்சாய்,
விலை சொல்லும் அதே குரலில்
அந்த இரவைச் சொன்னாள்:

விடியும்வரை உங்கள் வீட்டில் திரிகைச் சத்தம்.
மேல்கல் இல்லாத திரிகையில்
அடுப்புக்கல்லை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாயாம்.
உனைஸா அரைக்கிறாள் என்று
ஜுதாமா புரண்டு படுத்தானாம்.
காலையில் பார்த்தால் மாவு இல்லை,
கல்தூள்.

அதற்குப்பின் உன் சுட்டுவிரல் மடங்கவில்லையாம்.
ஏன் என்று உஸைமா சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.

உனக்காக துஆ கேட்கலாமா?
விவரம் தெரிந்தவர்களிடம் போகப் பயமாயிருக்கிறது,
கூடாது என்றுவிடுவார்களோ என்று.
கேட்காமல் இருக்கவும் எனக்குத் தெரியாது.
முடிச்சை அல்லாஹ்தான் தளர்த்தினான்,
இன்றும் அப்படித்தான் சொல்வேன்.
யாருடைய விரலால் என்பதையும்
இனிமேல் சேர்த்துச் சொல்வேன்.

வலத்தா தானியத்தோடு வந்துவிட்டாள்.
கல்லைப் பிடித்துச் சுற்றுகிறேன்.
ஆடுகிறது.
ரொட்டியில் கல் கடிபடும், பார்த்துத் தின்னுங்கள் என்று
பிள்ளைகளிடம் சொல்லவேண்டும்.