இன்னொரு குழாய்

பதினைந்து வயதில் திடப்படுத்தல்.
பேராயர் என் தலையில் கை வைத்தார்.
எண்ணெய் வழிய வாரிய தலை;
பிறகு அவர் கையைத் துடைத்துக்கொண்டதுதான்
இன்னும் நினைவிருக்கிறது.
அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்,
பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்
தகரப் பெட்டியில் போட்டு மூடியதுபோல.

இப்போது நாற்பத்தெட்டு.
திசையன்விளைக்குத் தெற்கே
தேரி மணல் சிவக்கிற ஊர்களில்
போருக்குள் மோட்டார் இறக்குவது என் பிழைப்பு.
தண்ணீர் கீழே போனால் கூப்பிடுவார்கள்.
மோட்டாரைத் தூக்கி
இருபதடிக் குழாய் ஒன்றைக் கூட்டி
மறுபடி இறக்குவேன்.
"போன வருசம் இதே ஆழத்துல நல்லா வந்துச்சே"
என்று எவராவது இழுத்தால்
"போன வருசத்தையா குடிக்கப் போறீரு?" என்பேன்.
சிரிப்பார்கள்.

என்னிடம் அதைக் கேட்க ஆள் இல்லை.
பதினைந்து வயதில் செய்த ஜெபத்தையே
செய்துகொண்டிருந்தேன்.
பரீட்சை பாஸாக வேண்டும் என்பது போய்
லோன் பாஸாக வேண்டும் என்று வந்தது,
அவ்வளவுதான் வளர்ச்சி.
ஓய்வுநாள் பள்ளிக்கு ஒரு வாரமும் தப்பாததற்கு
வாங்கிய கேடயம் டி.வி. பக்கத்தில் நிற்கிறது;
எப்சிபா சனிக்கிழமைதோறும் துடைக்கிறாள்.

தம்பி பெயர் தேவஇரக்கம்.
பதினோரு வருடமாக நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.
ஒன்பது பனை, ஒரு வேலி.
சர்வேயர் வந்து கல் நட்டார்.
கல் அவன் பக்கம் போனதா என் பக்கம் வந்ததா,
இப்போது சொன்னால் மறுபடி கோபம் வரும்.
விட்டுவிடுகிறேன்.

பங்குனி. ராத்திரி இரண்டு மணிக் கரண்டில்
அவன் மோட்டார் ஓடுகிறது,
காற்றைக் குடிக்கிற சத்தத்தோடு.
ஊருக்கு அது வெறும் மோட்டார்.
எனக்குத் தெரியும், இன்னும் அரைமணியில் காயில் கருகும்.
போர்வையை இழுத்து மூடினேன்.
போர்வைக்குள்ளும் ஓடியது.
ஜெபம் பண்ணிப் பார்த்தேன்.
"ஆண்டவரே, அவனை..." என்று ஆரம்பித்தால்
அடுத்த சொல் ஏறி வரவில்லை.
வெறும் மூச்சு.
அதுவும் எனக்குப் பழகிய சத்தம்தான்.

செயின் பிளாக்கையும் ரெஞ்சையும் தூக்கிக்கொண்டு
உடைமுள் வேலியைத் தாண்டினேன்.
வேட்டி கிழிந்தது.
அவன் டார்ச்சை என் முகத்தில் அடித்தான்.
ரொம்ப நேரம் அடித்தான்.
அப்புறம் மெல்லப் போர் பக்கம் திருப்பினான்.
விடியுமுன் ஒரு குழாய் கூட்டினோம்.
பேசியதெல்லாம்
பிடி. விடு. மெதுவா.

தண்ணீர் செம்மண் கரைந்து வந்தது, பிறகு தெளிந்தது.
கையில் ஏந்திக் குடித்தேன், லேசாக உப்பு.
இந்தப் பக்கம் ஆழம் போனால்
கடலும் கொஞ்சம் சேர்ந்து வரும்.
அதற்குப் பயந்து மேலேயே நின்றால் காற்றுதான்.

"கூலி எவ்வளவு?" என்றான்.

உடைமுள் அவ்வளவு கிழிக்கவில்லை.
பழைய நான் இரண்டு மடங்காக ஒரு தொகை சொல்லியிருப்பேன்.
புதிய நான் என்று ஒருவன் இன்னும் வந்து சேரவில்லை.
அதனால் குழாய்க்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு
வேலியைச் சுற்றி, வழியாகவே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இராப்போஜனம்.
பதினோரு வருடமாக
அவன் முழங்காற்படியிட்டு எழுந்து போகும்வரை
பின்னால் நிற்பேன்,
பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடுகிறவன்போல.
கோவிலில் யாருக்கும் தெரியாது. எப்சிபாவுக்குத் தெரியும்.
இன்று அவனுக்கு அடுத்த இடம் காலியாக இருந்தது.
கால் பின்னால் வந்தது.
இழுத்து மடக்கினேன்.
ஐயர், அவன் வாய் வைத்த விளிம்பை
வெள்ளைத் துணியால் துடைத்து,
கொஞ்சம் திருப்பி,
என்னிடம் நீட்டினார்.

அவன் இன்னும் பேசவில்லை.
இருபதடி இருக்கும், நான் இறங்கியிருப்பது.
இன்னும் எவ்வளவு என்று
மேலே நின்று எட்டிப் பார்த்தால் தெரியாது.
கயிற்றில் கல்லைக் கட்டி
விட்டுப் பார்க்க வேண்டும்.