முப்பத்தொரு சட்டைகள்

ஒரு வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து.
இரண்டு வரிக்கு மேல் கூடாது.
ஆறு நொடிக்கு மேல் நிற்கக் கூடாது.
நான்கு பாகம், இரண்டாயிரத்து நூறு பக்கம்,
பதினோரு குளிர்காலம் உட்கார்ந்து
லித்துவேனிய மொழிக்குக் கொண்டுவந்தவள்
இப்போது அதே கதைக்கு வசனவரி போடுகிறேன்,
கௌனஸில், நான்காம் மாடியில்,
காது நிறைய வாளோசை.

நாவலில் டிராகன் ஒன்றுதான்.
கிழடு. மூன்றாம் பாகம் முழுக்கத் தூங்கும்.
தொடரில் ஐந்து.
ஒன்றும் தூங்குவதாக இல்லை.

அது போகட்டும்.
எனக்கு வலிப்பது ஓரெத்.

ஆற்றங்கரையில் படைக்குத் துணி துவைப்பவள்.
நாளை சாகப்போகிறவன் சட்டை
தண்ணீரில் நனையாது.
நாவலில் இருக்கும் மந்திரமே அவ்வளவுதான்.
அமுக்குவாள். கல்லை வைப்பாள். ஏறி மிதிப்பாள்.
அல்லி இலை மாதிரி உதறிக்கொண்டு மேலே வரும்.
யாரிடமும் சொல்ல மாட்டாள்.
மற்றவற்றோடு சேர்த்து மடித்து
உரியவன் கையில் கொடுத்து
"காய்ந்துவிட்டது" என்பாள்.
ஒரு அத்தியாயம் முழுக்க எண்ணுவாள்.
முப்பத்தொன்று.
அடுத்த அத்தியாயம் திறக்கும்போது
போர் முடிந்திருக்கும்.

எழுதியவர் ஏதோ வடகடல் தீவில் இருந்தார்,
எனக்கு மூன்றே மூன்று கடிதம் போட்டார்.
இரண்டாவதில்:
"எதை வேண்டுமானாலும் கேள்.
அவள் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்காதே."

தொடரில் ஓரெத் இல்லை.
அவள் இடத்தில் ஒற்றைக்கண் மந்திரவாதி ஒருவன்
நெருப்பைப் பார்த்துக் கத்துகிறான்,
"பலர் மடிவார்கள்!"
வசதியான வாக்கியம். ஒரே வரியில் அடங்கும்.
பிறகு நாற்பத்துமூன்று நிமிடம் போர்.

குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.
ஓரெத் துவைப்பது கடற்பாசிச் சாம்பலில்;
எங்கள் ஆட்களுக்குப் புரியாதென்று
நான்தான் அதை பிர்ச் மரச் சாம்பலாக்கினேன்.
முதல் பதிப்பில் ஒரு பத்தியே விட்டுப்போனது,
இன்றுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.
தவிர, ஐந்தாம் எபிசோடில்
காலணியைத் தானே கழற்றத் தெரியாத அரசி
பெயர் தெரியாத சிப்பாயிடம் காலை நீட்டுகிறாள்.
நாவலில் அப்படி ஒரு வரி கிடையாது.
எட்டு முறை பார்த்தேன்.
அங்கே யாரும் பேசவில்லை, எனக்கு வேலையும் இல்லை.

முப்பத்தெட்டாவது நிமிடம்
கூட்டம் முணுமுணுக்கிறது.
"தெளிவற்ற குரல்கள்" என்கிறது ஸ்கிரிப்ட்.
இரண்டு நொடி காலி.
அதில் தட்டினேன்:
முப்பத்தொன்று.

சரிபார்க்கும் ஸ்கிர்மாந்தே வில்னியஸிலிருந்து கேட்டாள்,
"இதை யார் சொல்வது?"
முதுகு காட்டி நிற்பவர்களில் ஒருத்தி, என்று எழுதினேன்.
நம்பினாளோ, நேரமில்லையோ,
விட்டுவிட்டாள்.

கீழ்வீட்டு கின்டௌடஸ் டிராலிபஸ் ஓட்டுகிறவர்.
நேமுனஸ் கழிமுகத்தில் படப்பிடிப்பு நடந்தபோது
விடுப்பெடுத்துப் போய் மூன்று நாள் பிணமாகக் கிடந்தார்.
மூன்றாம் நாள் தாடி ஒட்டிக்கொண்டு
எதிரிப் படையில்.
நாவலைத் தொட்டதில்லை.
"நான் எந்த நிமிஷத்தில வர்றேன்?" என்று
ஒரு ஜாடி வெள்ளரி ஊறுகாயோடு மாடியேறி வந்தார்.
காட்டக் கூடாதுதான். காட்டினேன்.
ஓட்டி ஓட்டித் தேடினோம்.
முப்பத்தெட்டில், சேற்றுக்குள்,
ஒரு இடது கால்.
"அதான்! அது என் கால்!"
காலுக்கு நேர் கீழே என் எண்.
"இது என்ன கணக்கு?"

நான் வேறொன்று கேட்டேன்:
அன்றைக்கு உங்கள் சட்டை நனைந்ததா?

"நனைஞ்சதாவா? எலும்பு வரைக்கும்.
ஒரு வாரம் காய்ச்சல்."

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும்
கோப்பைத் திறந்து திருத்தினேன்.
முப்பது.
ஏழு எழுத்து மிச்சம்.